பேச்சு போனாலும் போகாத பிரார்த்தனை

1990 ஜனவரி 25. குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமம். காவி உடுத்திய 83 வயது ஆங்கிலேயத் துறவி ஒருவர், தன் குடிசைத் தாழ்வாரத்தில் காலைத் தியானத்தில் அமர்ந்திருந்தார். இடப்பக்கத்திலிருந்து ஏதோ ஒரு பெரும் விசை தலையில் அறைந்தது. நாற்காலியிலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. தட்டுத்தடுமாறி ஊர்ந்து கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த நாட்களில் பேச்சே இல்லை.

அவர் ஃபாதர் பீட் கிரிஃபித்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் சி. எஸ். லூயிஸிடம் இலக்கியம் படித்தவர். பெனடிக்டின் சபையில் சேர்ந்து 1940இல் குருப்பட்டம் பெற்றவர். 1955இல் இந்தியாவுக்கு வந்து, 1968 முதல் சாந்திவனத்தை வழிநடத்தியவர். பக்கவாதம் அடித்ததும் சாவு வந்துவிட்டது என்றே நினைத்தார். ஜெபம் செய்து, மனதைத் தயார்படுத்திக்கொண்டு காத்திருந்தார். சாவு வரவில்லை. அன்னையிடம் உன்னை ஒப்படைத்துவிடு என்றொரு உந்துதல் உள்ளுக்குள் எழுந்ததாகவும், அப்படி ஒப்படைத்த கணத்தில் அன்பு பெருக்கெடுத்து வந்து தன்னை மூழ்கடித்ததாகவும் பின்னாளில் சொன்னார். மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது, நடமாட்டம் திரும்பியது. 85 வயதில் கடல் கடந்து போய் மேடைகளில் உரையாற்றினார்.

அந்த அன்புப் பெருக்கை அளக்க அறிவியலிடம் கருவி இல்லை. ஆனால் அதன் அருகில் நிற்கும் இரண்டு கேள்விகளை அறிவியல் தொட முடியும். ஆயுள் முழுக்கப் பிரசங்கம் செய்த ஆயருக்கோ, பூசை வைத்த குருவுக்கோ, அர்ச்சனை சொன்ன குருக்களுக்கோ ஒரே நாளில் வார்த்தை போய்விட்டால், அவரிடம் மிஞ்சுவது என்ன? மிஞ்சியதை வைத்துக்கொண்டு அவர் எப்படி எழுந்து நிற்கிறார்? இரண்டுக்கும் கிடைத்திருக்கும் விடை ஒரே இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது என்பதுதான் வியப்பு.

மூளையின் கடைமடை

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதில் இருக்கும் நியூரான்கள் சுமார் 8,600 கோடி. இவை சர்க்கரையையும் ஆக்சிஜனையும் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. நொடிக்கு நொடி ரத்தம் கொண்டுவந்து தர வேண்டும். ரத்தக்குழாய் ஒன்று கட்டியால் அடைபட்டாலோ, வெடித்தாலோ அதுதான் பக்கவாதம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 லட்சம் நியூரான்கள் மடிகின்றன என்று 2006இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார்.

எல்லா நியூரான்களும் உடனே சாவதில்லை என்பது நமக்குக் கிடைத்த வரம். அடைபட்ட குழாயையே முழுக்க நம்பியிருந்த பகுதி சில நிமிடங்களில் மடிகிறது. அதைச் சுற்றி ஒரு விளிம்புப் பகுதி உண்டு. பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் கொஞ்ச ரத்தத்தில் அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் வேலை செய்யாது. மேட்டூர்த் தண்ணீர் வந்து சேராத கடைமடை வயல்போல அது வாடி நிற்கிறது. பயிர் இன்னும் கருகவில்லை. நேரத்துக்குத் தண்ணீர் வந்தால் பிழைத்துக்கொள்ளும். முதல் நாள் அசையாமல் கிடந்த கை, மூன்றாம் நாள் தானாக விரல் அசைப்பதற்கு இந்த விளிம்புப் பகுதி விழித்துக்கொள்வதும் ஒரு காரணம்.

கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நம்பிக்கையைப் பற்றிப் பேசும் கட்டுரையிலும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் சில மணி நேரத்தில் காப்பாற்றப்பட்ட நியூரான்கள்தான் பிறகு வரும் எல்லா முயற்சிக்கும் கைமுதல்.

பேசாதவர் பாடினார்

1745இல் ஸ்வீடனின் ஓலோஃப் டாலின் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். கடும் நோய்க்குப் பின் வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் போய்விட்ட ஓர் இளைஞர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஈராண்டு கழித்தும் அவர் வாயிலிருந்து வந்தது ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்தான். ஆனால் நோய்க்கு முன் கோயிலில் பாடிப் பழகிய பாடல்களை யாராவது எடுத்துக்கொடுத்தால், சொல் பிசகாமல் பாடினார். சில ஜெபங்களையும் சொன்னார். அவற்றை ராகமில்லாமல், ஒருவிதத் தாளக்கட்டோடு, உரத்த குரலில் சொன்னார் என்று டாலின் குறித்துவைத்திருக்கிறார். அந்தத் தாளக்கட்டை நினைவில் வையுங்கள். இரண்டரை நூற்றாண்டு கழித்து அது மறுபடி வரப்போகிறது.

1783 ஜூன் 17 அன்று லண்டனில் ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் பின்னிரவில் விழித்தார். அப்போது அவருக்கு வயது 73. தலைக்குள் ஏதோ கோளாறு. அறிவை மட்டும் பறித்துவிடாதே என்று கடவுளிடம் வேண்டினார். அறிவு இருக்கிறதா என்று சோதிக்க, அந்த வேண்டுதலை லத்தீன் செய்யுளாக மனதுக்குள் கட்டிப் பார்த்தார். செய்யுள் சுமார்தான். ஆனால் சுமார் என்று தனக்குத் தெரிகிறதே, ஆகவே அறிவு போகவில்லை என்று முடிவுகட்டினார். வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. சீட்டு எழுதப் போனால் கை வேறு எழுத்துகளை எழுதியது. மருத்துவர்கள் வந்து பார்த்த பின், அவர் ஓரளவு தெளிவாகச் சொன்னவற்றில் ஒன்று பரமண்டல ஜெபம். இதையெல்லாம் இரண்டு நாளில் ஒரு கடிதத்தில் அவரே எழுதிவிட்டார்.

மூளையின் இடப்பக்க முன்பகுதியில் பேச்சுக்கு ஓர் இடம் உண்டு என்று 1861இல் பாரிஸில் பால் புரோக்கா காட்டினார். அவருக்குப் பின் லண்டனில் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் இன்னும் ஆழமாகப் பார்த்தார். பேச்சு இழந்தவர்கள் கோபத்தில் திட்டுகிறார்கள், துயரத்தில் கடவுளை அழைக்கிறார்கள், ஜெபம் சொல்கிறார்கள். ஆனால் எனக்குப் பசிக்கிறது என்று புதிதாக ஒரு வாக்கியம் அமைக்க முடிவதில்லை. அப்படியானால் பேச்சில் இரண்டு வகை உண்டு என்றார். ஒன்று, அந்தந்தக் கணத்தில் சொல் சொல்லாகக் கோத்து நாம் உருவாக்குவது. மற்றொன்று, பல்லாயிரம் தடவை சொல்லிச் சொல்லி ஒரே துண்டாக இறுகிப்போனது.

ஜாக்சன் நினைத்தது சரிதான் என்பதற்கு 1993இல் எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. ஹீப்ருவும் பிரெஞ்சும் பேசும் ஒரு முதியவருக்கு மூளையின் வலப்பக்கம், ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகளில் ரத்தக்கசிவு. அவரால் சாதாரணமாக உரையாட முடிந்தது. ஆனால் சிறுவயதிலிருந்து சொல்லிவந்த யூதப் பிரார்த்தனைகளை ஒப்பிக்க முடியவில்லை. வரிசையாக எண்களைச் சொல்வதிலும் பழகிய பாட்டைப் பாடுவதிலும் தடுமாறினார். டாலின் கண்டவருக்குப் பேச்சு போய் ஜெபம் நின்றது. இவருக்கோ ஜெபம் போய்ப் பேச்சு நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், புதுப் பேச்சும் பழகிய பிரார்த்தனையும் ஒரே வழியை மட்டும் நம்பியிருக்கவில்லை என்று புரிகிறது. பழகிய சொற்கோவைக்கு அடித்தள முடிச்சுகளும் வலப்பக்க மூளையும் கைகொடுக்கின்றன. நடப்பது, சைக்கிள் ஓட்டுவது போன்ற பழக்கங்களைச் சுமப்பதிலும் அடித்தள முடிச்சுகளுக்குப் பங்கு உண்டு.

ஒரு பாதிரியாரின் ஐம்பது வருட ஊழியத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஞாயிறு தவறாமல் அதே விசுவாசப் பிரமாணம், அதே ஆசீர்வாதம், ஒவ்வொரு அடக்கத்திலும் அதே வார்த்தைகள். தினம் கந்த சஷ்டி கவசம் சொல்லும் பாட்டிக்கும், ஐந்து வேளைத் தொழுகையில் பாத்திஹா ஓதும் பெரியவருக்கும் இதே கதைதான். எந்திரத்தனம் என்று இளையவர்கள் நினைக்கும் அந்த ஒப்பித்தல், இடப்பக்க மூளை அடிபட்ட நாளில் அவர்களிடம் மிஞ்சும் பேச்சாகவே இருக்கக்கூடும்.

இடது கையில் தட்டும் தாளம்

மிஞ்சியதை வைத்து இழந்ததை எட்டிப்பிடிக்க முடியுமா? 1973இல் பாஸ்டனில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் ஆகியோர் இசைப்பேச்சுச் சிகிச்சை ஒன்றை அறிமுகம் செய்தார்கள். தமிழில் அதைச் செய்தால் இப்படி இருக்கும். பயிற்சி தருபவர் எதிரே உட்கார்ந்து நோயாளியின் இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். ‘தண்ணி வேணும்’ என்பதை ஒரு தாழ்ந்த சுரத்திலும் ஒரு மேல் சுரத்திலுமாக முதலில் வாய் மூடி ஹம் செய்கிறார். தண், ணி, வே, ணும். ஓர் அசைக்கு ஒரு தட்டு. நோயாளியின் கையாலேயே மேசைமேல் தட்டுகிறார். ‘ஐயா, என்கூடச் சேர்ந்து’ என்று இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். பாதியில் பயிற்சியாளர் தன் குரலை மெல்ல இறக்கிக்கொள்கிறார்; நோயாளியின் குரல் தனியே தொடர்கிறது. பிறகு ராகம் குறைகிறது, தாளம் மட்டும் நிற்கிறது. கடைசியில் தாளமும் போய், கேள்விக்குப் பதிலாக அதே சொற்கள் சாதாரணப் பேச்சாக வருகின்றன. வலது கை பெரும்பாலும் செயலிழந்திருக்கும். இடது கையை ஆள்வதோ வலப்பக்க மூளை.

பாட்டுதான் மந்திரம் என்று பலரும் நம்பினார்கள். 2011இல் ஜெர்மனியில் பெஞ்சமின் ஸ்டால் குழுவினர் 17 நோயாளிகளிடம் பாட்டையும் தாளத்தையும் தனித்தனியே பிரித்துச் சோதித்தார்கள். ராகத்தைவிடத் தாளமும், சொற்கள் எவ்வளவு பழகியவை என்பதும்தான் கூடுதலாகக் கைகொடுத்தன. 1745இல் ராகமின்றித் தாளத்தோடு ஜெபம் சொன்ன அந்த ஸ்வீடன் இளைஞர் இதை முன்பே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

பாத்திரம் துலக்கிய பேராசிரியர்

பேச்சுக்குப் பொருந்துவது கை கால்களுக்கும் பொருந்துகிறது. பெத்ரோ பாக் இ ரீத்தா நியூயார்க்கின் சிட்டி காலேஜில் கற்பித்த கவிஞர். 1959இல், 65 வயதில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. சில வார மறுவாழ்வுப் பயிற்சியில் பெரிதாகப் பலன் தெரியவில்லை. மருத்துவ மாணவராக இருந்த மகன் ஜார்ஜ், குழந்தை எப்படிக் கற்கிறதோ அப்படியே ஆரம்பிக்கலாம் என்று அப்பாவைத் தவழவைத்தார். பலவீனமான பக்கம் சுவரில் சாய்ந்திருக்க, மாதக்கணக்கில் தவழ்ந்தார். பேராசிரியரை இப்படித் தரையில் தவழவிடுகிறானே என்று பார்த்தவர்கள் குறை சொன்னார்கள். தரையில் கோலிக்குண்டு உருட்டி எடுக்கச் சொன்னார் மகன். பெரிய பாத்திரத்தை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, வலுவிழந்த கையை அதற்குள் கால் மணி நேரம் வலச்சுற்றாகவும் கால் மணி நேரம் இடச்சுற்றாகவும் சுற்றித் துலக்கவைத்தார். பாத்திரத்தின் விளிம்பு கை நழுவாமல் பார்த்துக்கொண்டது.

பெத்ரோ மறுபடி வகுப்பெடுக்கப் போனார். 1965இல் கொலம்பியாவில் மலையேறியபோது மாரடைப்பில் இறந்தார். உடற்கூறு ஆய்வில் மூளைத்தண்டில் பெரும் சேதம் அப்படியே இருப்பது தெரிந்தது; பெருமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புகளில் 97 சதவீதம் அழிந்திருந்தன. காயம் ஆறாமலேயே மனிதர் எழுந்திருக்கிறார். எஞ்சிய இழைகளை வைத்து மூளை வேலையைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறது. இதைப் பார்த்த இன்னொரு மகன் பால், மூளையின் நெகிழ்வை நிரூபிப்பதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார்.

எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். கேத்தரின் லாங் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை மையங்களில் ஓர் அமர்வில் கைக்குக் கிடைத்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. மூளை மாற்றம் கண்ட விலங்குச் சோதனைகளிலோ ஓர் அமர்வுக்கு நூற்றுக்கணக்கான அசைவுகள். எட்வர்ட் டாப் வகுத்த முறையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் விழுந்த கையையே வேலை வாங்குகிறார்கள். 2006இல் 222 பேரிடம் நடந்த சோதனையில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்களிடமும் இரண்டு வாரப் பயிற்சி தெளிவான முன்னேற்றம் தந்தது. எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் 24 மணி நேரத்திலேயே எழுப்பி அதிகமாக நடக்கவைப்பது நன்மையைக் குறைக்கிறது என்று 2015இல் வெளியான ஒரு பெரிய சோதனை எச்சரிக்கிறது.

நம்பிக்கை வேலை செய்யும் இடம்

பாத்திரத்துக்குள் நூறு முறை சுற்றிய கை நூற்றொன்றாவது முறையும் தடுமாறுகிறது. பலன் கண்ணுக்குத் தெரிய வாரங்கள் ஆகும். அதுவரை தினமும் அதையே செய்ய ஒருவரைத் தள்ளுவது எது? பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடித்துக்கொள்கிறது. மனம் விழுந்தால் பயிற்சி நிற்கிறது. பயிற்சி நின்றால் மூளை தேறுவதும் நிற்கிறது. நம்பிக்கைக்கு உடலோடு உள்ள தொடர்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ரோம் நகர மறுவாழ்வு மருத்துவமனையில் சால்வத்தோரே ஜாக்விந்தோ குழுவினர் 132 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. இறைநம்பிக்கை வலுவாக இருந்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாகக் காணப்பட்டன. விழுந்த கையை விசுவாசம் தூக்கியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மனம் தாங்கியது என்கிறது. அதுவே பெரிய விஷயம். ஹெல்சின்கியில் 2008இல் வெளியான ஆய்வில், தினமும் பிடித்த பாட்டைக் கேட்ட நோயாளிகளின் சொல் நினைவும் மனநிலையும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின. வீட்டில் ஒலிக்கும் கீர்த்தனையும் பக்திப்பாடலும் செய்வது ஆறுதல் மட்டுமில்லை.

நம்பிக்கை ஒருமுறை வந்தால் அசையாது என்பதில்லை. நீம் கரோலி பாபாவின் சீடரான அமெரிக்க ஆன்மிக ஆசிரியர் ராம் தாஸ், முதுமையைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தபோது, 1997இல் பக்கவாதத்தில் வீழ்ந்தார். மரணம் நெருங்கிய அந்த நேரத்தில் கடவுள் நினைவே வரவில்லை, கூரையில் ஓடிய குழாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒளிக்காமல் சொன்னார். வலது பக்கம் விழுந்தது; சரளமாகப் பேசிய நாவு ஒவ்வொரு சொல்லுக்கும் காத்துக் கிடந்தது. கொஞ்ச காலம் நம்பிக்கையையே இழந்தார். பிறகு அதை அன்றாடச் சாதனையாகத் திரும்பக் கட்டினார். 2000இல் புத்தகமும் வந்தது. 2019 டிசம்பர் வரை வாழ்ந்தார். விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டதே என்று குற்ற உணர்வில் புழுங்கும் ஓய்வுபெற்ற ஆயர்களுக்கு அவருடைய நேர்மை பெரும் துணை.

ஃபாதர் பீட் தன் அனுபவத்தை, தர்க்கம் செய்யும் இடப்பக்க மூளை உடைந்து அன்பு செய்யும் வலப்பக்கம் திறந்ததாக விளக்கினார். மூளை அவ்வளவு கறாராகப் பாகம் பிரித்துக்கொள்வதில்லை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 2006இல், பேச்சிழந்த 14 பேரின் மூளையை மாதக்கணக்கில் தொடர்ந்து படம் எடுத்தார்கள். முதலில் செயல்பாடு மங்கியது. பிறகு வலப்பக்கம் சேர்ந்துகொள்ள இரு பக்கமும் சுறுசுறுப்பாயின. பேச்சு நன்கு தேறிய காலத்தில் வேலை மறுபடி இடப்பக்கத்துக்கே திரும்பியது. ஒரு பக்கம் விழுந்தபோது மறுபக்கம் தோள் கொடுத்து, பிறகு பொறுப்பைத் திருப்பித் தருகிறது. ஃபாதர் பீட் உணர்ந்த அன்பின் உண்மை இந்த விளக்கத்தால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 1992 இறுதியில் அவரைப் பக்கவாதம் மறுபடியும் தாக்கியது. 1993 மே 13 அன்று சாந்திவனத்திலேயே கண்மூடினார். முதல் அடிக்கும் அந்த நாளுக்கும் இடையில் கிடைத்த மூன்றாண்டுகளைத்தான் தன் வாழ்வின் கனிந்த காலமாக அவர் கண்டார்.

மூளை திரும்பத் திரும்பச் செய்வதால்தான் மாறுகிறது. வழிபாடும் திரும்பத் திரும்பச் செய்வதுதான். பலன் உடனே தெரியாவிட்டாலும் நாளையும் அதே நேரத்தில் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்ற ஒழுங்கை, ஊழியத்தில் நரைத்தவர்கள் ஏற்கெனவே கற்றிருக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பின் தேவைப்படுவது அதே ஒழுங்கு.

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வேலைகள் உண்டு. பேச்சு வராத பெரியவருக்கு எதுவும் புரியாது என்று நினைத்து அவர் தலைக்குமேல் பேசாதீர்கள். பலருக்கு நன்றாகவே புரியும். அவர் தினமும் சொன்ன ஜெபத்தின் முதல் சொல்லை எடுத்துக்கொடுத்து, அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். பாமாலையோ தேவாரமோ, அவருக்குப் பழகியதைச் சேர்ந்து பாடுங்கள். கையால் தாளம் போடச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் தவறாமல் அழைத்துப் போங்கள். அவர்கள் சொன்ன பயிற்சியை, காலை ஜெபம்போல, நாள் தவறாமல் கூட இருந்து செய்யவையுங்கள். மூன்று மாதம் தாண்டிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். முதல் மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன் பிறகும் பயிற்சிக்குப் பலன் உண்டு என்பதும் அதே அளவு உண்மை.